வலது கைப் பிரேக்

1

சங்கராபுரம் பக்கம் என்னைத் தெரியாதவர்கள் கம்மி. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி கோவிந்தன் என்றால் நான்தான். எட்டாங்கிளாஸில் பாதியில் நின்றவன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டி, அப்புறம் ஓட்டலில் மாவாட்டி, அப்புறம் தோசை மாஸ்டராக ஏரோப்ளேன் ஏறி, இன்றைக்கு டார்ட்முண்ட் ஊரில் ரெண்டு தோசைக்கடை வைத்திருக்கிறேன். வெள்ளைக்காரன் வரிசையில் நின்று என் சட்னியை வாங்கித் தின்கிறான். யார் தயவும் கிடையாது. இதை நான் போகிற இடமெல்லாம் சொல்லுவேன். இந்தப் பத்திரிகையிலேயே முன்னே எழுதியும் இருக்கிறேன்.

இந்தத் தரம் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கிறது.

போன வாரம் இங்கத்தித் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் கடைக்கு வந்தார்கள். எல்லாரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், மரியாதையானவர்கள். பொங்கல் விழாவில் நான் பேச வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்: மகளுக்காகத் தகப்பன் தன் கையால் கோத்த சைக்கிள். அந்த வண்டியின் போட்டோவைப் போன வருசம் எல்லாருக்கும் போனில் அனுப்பினவன் நான்தான். மேடை கிடைத்தால் இறங்காத ஆள் நான், அது அவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு நான் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன அண்ணை, சுகமில்லையோ?" என்று கேட்டார் ஒருவர்.

"ஜுரம்," என்றேன்.

ஜுரமெல்லாம் இல்லை. அந்தச் சைக்கிளைப் பற்றி மேடையில் பேசினால் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2

என் மகள் மலர்விழி இங்கேயே பிறந்தவள். வீட்டில் நானும் அவள் அம்மா கமலாவும் பேசுவது கள்ளக்குறிச்சிப் பேச்சு. சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சர்கள் இலங்கைக்காரர்கள். அதனால் அவள் வாயில் வருவது ரெண்டுங்கெட்டான் தமிழ். ஆமாம் என்பதற்கு "ஓம்" என்பாள். வளர வளர அதுவும் குறைந்துபோனது. படிப்பு, வேலை, வேறு ஊரில் தனி வீடு. போன் பண்ணினால், சாப்பிட்டியா, ஓம். குளிர் ஜாஸ்தியா, ஓம். அப்புறம் அம்மாட்டக் குடுங்கோ என்பாள்.

ஒருநாள் அவளாகவே வந்தாள். ஆறு வாரம் லீவு போட்டிருக்கிறாளாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு நம்ம கல்வராயன் மலைக்குப் போகப்போகிறாளாம். வெள்ளிமலை வரைக்கும் ரோட்டில் ஏறி, அங்கேயிருந்து தார் போடாத தடத்திலேயே மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி, ஜவ்வாது மலை, ஏலகிரி வரைக்கும். கூடாரம், அடுப்பு, துணி எல்லாத்தையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு, தனியாக. இந்த ஊரில் இப்படிப் போகிற பைத்தியங்கள் நிறைய. நம்ம வீட்டுக்குள்ளேயே ஒன்று வளர்ந்திருப்பது எனக்குத் தெரியாது.

"அங்க எதுக்கும்மா? அங்க இன்னா கீது?" என்றேன்.

"நீங்கள் ஒருநாளும் கூட்டிக்கொண்டு போகேல்ல. கலியாண வீட்டுக்கும் நகைக்கடைக்கும்தான் கூட்டிக்கொண்டு போனீங்கள்," என்றாள்.

வண்டி முழுசாக வரவில்லை. சாமான் சாமானாக வந்தது. இரும்பு ஃப்ரேம் தனியாக, ரிம் தனியாக, என் கை மொத்தத்துக்கு டயர், செயின், தட்டு வைத்த டிஸ்க் பிரேக், அதற்கு எண்ணெய்க் குழாய். பூட்டுவதற்குக் கடையில் கொடுக்கப் போகிறேன் என்றாள்.

"கடக்காரன் எதுக்கு? சைக்கிள் கடையில வளந்தவன் நான் குத்துக்கல்லு மாதிரி ஒக்காந்திருக்கேன். நான் கோக்கறேன்."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சின்னப் பிள்ளையில் பார்த்தது, நடுவில் பார்க்காதது.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை ஆனால் வந்துவிடுவாள். கார் நிறுத்துகிற கொட்டகையில் ஹீட்டர் வைத்துக்கொண்டு நான் கோப்பேன், அவள் முக்காலியில் உட்கார்ந்து சாமானை எடுத்துக் கொடுப்பாள். சண்டையும் நடக்கும். கேரியர் இல்லாத சைக்கிள் ஒரு சைக்கிளா என்று நான் கேட்டேன். பின்னால் பாரம் ஆடினால் கல்லுப் பாதையில் ஆளைத் தள்ளிவிடும், பையெல்லாம் ஃப்ரேம் நடுவிலும் ஹேண்டில்பாரிலும் கட்டுவது என்றாள். சரி என்றேன். டயருக்குள் டியூபே இல்லை, பால் மாதிரி ஒன்றை ஊற்றுகிறார்கள், முள் குத்தினால் அதுவே அடைத்துக்கொள்ளுமாம். பஞ்சர் ஒட்டிப் பிழைத்தவன் வயிற்றில் அடிக்கிற வேலை என்று சிரித்துக்கொண்டே அதற்கும் சரி என்றேன். வீலைச் சுழலவிட்டுக் கம்பி கம்பியாகத் திருகி ஆட்டம் எடுத்தபோது, அவள் அதை வீடியோ பிடித்தாள். "என்ர அப்பா" என்று சிநேகிதர்களுக்கு அனுப்பினாள். எனக்கு ரெண்டு கடை திறந்தபோதுகூட நெஞ்சு அவ்வளவு நிமிரவில்லை.

கடைசியாகத்தான் பிரேக் பூட்டினேன். விமானத்துக்கு ரெண்டு நாள்தான் இருந்தது. தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நின்றாள்.

"அப்பா, பிரேக் மாறிக் கிடக்கு."

"இன்னா மாறிச்சி?"

"வலது கை முன் சில்லைப் பிடிக்குது. இடது கைதானே முன்னுக்கு."

சில்லு என்று அவள் சொல்வது வீலை. நம்ம ஊரில் சைக்கிளில் காலைப் போட்ட எல்லாருக்கும் தெரியும். வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். ஜெர்மனியில் அது தலைகீழ். இத்தனை வருசம் இங்கே இருந்தும் எனக்கு அது தெரியாது. வந்த நாளாக டிராம், அப்புறம் கார். இந்த நாட்டில் ஒரு சைக்கிளிலும் நான் ஏறினதில்லை. அதை ஒத்துக்கொள்ள அன்றைக்கு வாய் வரவில்லை.

"மாறல. அதான் சரி," என்றேன். "நீ ஓட்டப்போறது எங்க ஊர்ல. எங்க ஊர் வண்டி இப்டிதான் இருக்கும்."

"வண்டி எந்த ஊர் எண்டாலும் கை என்ரதானே, அப்பா."

"கை பழகிக்கும். எனக்கே கத்துக் குடுக்கறியா?"

"கடையில குடுத்தா அரை மணித்தியாலத்தில மாத்தித் தருவாங்கள்."

கடை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த ஸ்பேனரைப் பெட்டியில் விட்டெறிந்தேன். "அப்போ முழு வண்டியும் அங்கியே குட்திருக்கணும்."

சத்தம் கேட்டுக் கமலா வாசலுக்கு வந்தாள். "வுடுடி. ரொம்ப நாளிக்கு அப்பறம் அந்த மனுசன் சிரிச்சிக்கினு கீறாரு. கெடுக்காத."

மலர் பிரேக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள்.

3

நானும் கூடக் கிளம்பினேன். கமலா கடையைப் பார்த்துக்கொண்டாள். சென்னையில் நான் வெளிநாட்டுக்காரன் வரிசையில் நின்றேன். பாஸ்போர்ட்டு மாற்றிக்கொண்ட நாளிலிருந்து அப்படித்தான். பிராங்க்ஃபர்ட்டில் அதே பாஸ்போர்ட்டை ரெண்டு தரம் புரட்டுவார்கள். எங்கே போனாலும் நிற்கிற வரிசை நீளம். சுங்கத்தில் ஒரு அதிகாரி சைக்கிள் இருந்த அட்டைப்பெட்டியைப் பிரிக்கச் சொன்னார்.

"விக்கறதுக்கா சார்?"

"ஓட்டறதுக்கு. என் கையால கோத்தது," என்றேன். அவர் கேட்காததையும் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். மலர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் தம்பி ஏழுமலை கள்ளக்குறிச்சியிலிருந்து கொஞ்ச தூரத்தில் கரும்பு வைத்திருக்கிறான். ஊரில் நாலு பேர் அவன் பேச்சுக்கு எழுந்து நிற்பார்கள். அவன் வீட்டு வாசலில் வண்டியை இறக்கினதும் தெருவே கூடிவிட்டது.

"இன்னாணா, ஜெர்மனில காரு தீந்துபோச்சா? பொண்ண சைக்கிள்ல அனுப்பறே?" என்றான் ஏழுமலை.

"டேய், இத கார் கம்பெனிக்காரன் பாத்தான்னா கை எடுத்துக் கும்புடுவான். நட்டு நட்டா நான் கோத்தது. வழியில ஒரு நட்டு கழண்டா என் மீசைய எடுத்துக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு கிழவி மலரிடம் மலைக்கா போறே என்று கேட்டாள். "ஓம்," என்றாள் மலர். "புள்ள சாமி பேரச் சொல்லிக்கினு கெளம்புது," என்றாள் கிழவி. அதற்கும் சிரிப்பு. மலரும் சிரித்தாள். அன்றைக்கு அவள் என் பக்கத்தில் ஒட்டி நின்றது இன்னும் என் தோளில் இருக்கிறது.

4

கச்சிராயபாளையம் வழியாக மலை ரோட்டில் அவள் ஏறினாள். ஏழுமலைக்குத் தெரிந்த ஒருவரின் ஜீப்பில் நான் பின்னாலேயே போனேன். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை இல்லை. வெள்ளிமலையில் தங்கினோம். காலையில் அவள் சாமைக்கொல்லை ஓரமாக மண் தடத்தில் இறங்கினாள். ஜீப்பு சுற்றிக்கொண்டு போய்க் கீழே ஓடை பக்கம் நிற்க வேண்டும், அங்கே நான் கை காட்டி அனுப்பிவிட்டுத் திரும்ப வேண்டும், அதுதான் ஏற்பாடு.

நின்றோம். வெயில் ஏறியது. கடைசியில் ஒரு ஆள் தோள் கொடுத்து அவளை நடத்திக்கொண்டு வந்தார். அவர் துண்டில் அவள் கை கழுத்தோடு கட்டியிருந்தது. முகமெல்லாம் மண். அவர் பெயர் சின்னான், மலைக்காரர், என் வயசு இருக்கும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார். ஆட்டை அப்படியே காட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்றார். ஆனாலும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். மேடு பள்ளத்தில் அவள் தோள் அசையாமல் கள்ளக்குறிச்சி வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்தவர் அவர்தான். நான் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில் மலர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "கல்லில சறுக்கினது, அப்பா. பின் பிரேக் எண்டு நினைச்சு வலதைப் பிடிச்சிட்டன். முன் சில்லு அப்படியே நிண்டிட்டுது. தூக்கி எறிஞ்சு போட்டுது."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னாள். சின்னான் கேட்டுக்கொண்டு வந்தார்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் காறை எலும்பு முறிவு என்றார்கள். அவளை உள்ளே படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனபோது ஏழுமலை சொந்தக்காரர்களோடு வந்து சேர்ந்தான். தெருவில் என் மீசைப் பேச்சைக் கேட்ட அதே முகங்கள்.

"எப்டிணா ஆச்சி? வண்டி எதனா..."

வண்டி என்ற சொல் அவன் வாயில் முடிவதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"ஆடு குறுக்க வந்துடுச்சி."

"யாரு ஆடு?"

நான் பெயர் சொல்லவில்லை. என் தாடை கதவுப் பக்கம் திரும்பியது. அங்கே சின்னான் சட்டையில் ரத்தக்கறையோடு, செருப்பில்லாமல், என்ன ஆச்சு என்று தெரிந்துகொண்டு போக நின்றிருந்தார்.

இங்கே அவரை 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு அவர் அவன்தான்.

"ஏன்டா டேய்," என்று ஏழுமலை பாய்ந்தான். "ஆடு மேய்க்கறியா, ஆள சாவடிக்கறியா? எங்க அண்ணன் எங்கேர்ந்து வந்திருக்காரு தெரியுமாடா ஒனக்கு? கால்ல வுழுடா!"

சின்னான் என்னைத்தான் பார்த்தார். ஜீப்பில் கேட்டவர். நான் ஒரு வார்த்தை சொல்லுவேன் என்று பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த 'செருப்பை வெளியே விடவும்' என்ற பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

"தப்பு நடந்துபோச்சி சாமி," என்று அவர் என் காலுக்குக் குனிந்தார். அவர் முதுகைப் பார்த்தேன். சட்டை கிழிந்திருந்தது, என் மகளைத் தூக்குகையில் முள்ளில் மாட்டியிருக்க வேண்டும்.

மலரைப் பார்க்க உள்ளே போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கிறது. ஜெர்மனில் பேசினாள். கோபம் வந்தால் அவளுக்கு ஜெர்மன்தான்.

"ஆடெல்லாம் மேலே பாறையில் நின்றது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்படியானால் போய்ச் சொல்லுங்கள். நான் சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்தது போல ஆகும். அவர் மேல் இருக்கிற பழியை நீங்களே எடுங்கள்." அப்புறம் தமிழுக்கு வந்தாள். "அதுவரைக்கும் என்னோட கதைக்க வேண்டாம், அப்பா."

வெளியே வந்தேன். சின்னான் போய்விட்டிருந்தார். மலை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார் என்றார் வாட்ச்மேன்.

5

மறுநாள் ஏழுமலை வீட்டில் எல்லாரும் காபி குடிக்கையில் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, எழுந்து நின்று சொன்னேன்.

"ஆடு வரல. அந்த ஆளு மேல தப்பே கெடயாது. பிரேக்க நான் மாத்திப் பூட்டிட்டேன். அவ சொன்னா, நான் கேக்கல. அதனாலதான் வுழுந்தா."

ஏழுமலை டம்ளரைக் கீழே வைத்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா எங்க அண்ணன? ஒரு மலைக்காரன் மேல பழி வரக்கூடாதுன்னு தம்மேலயே போட்டுக்கறாரு. இந்த மனசு யாருக்கு வரும்?"

"மாமாவுக்கு எப்பவும் மனசு ஜாஸ்தி," என்றாள் அவன் பொண்டாட்டி.

"டேய், நெசமாதான்டா சொல்றேன்!"

"தெரியும்ணா, வுடு."

எனக்கு வெறியே வந்துவிட்டது. ஜீப்புக்காரர் மலையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து போட்டிருந்த வண்டியை வாசலுக்கு இழுத்தேன். கோணிப்போயிருந்த ஹேண்டில்பாரை நேராக்கி, "ஓட்டிப் பாருடா, ஒனக்கே தெரியும்," என்றேன். ஏழுமலை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஏறினான். தெருக்கோடி வரை போய்த் திரும்பி, கோவில் முன்னால் வேகமாக வந்து பிடித்து நிறுத்தினான்.

"வலது கை முன்ன, இடது கை பின்ன. நம்ம வண்டி மாதிரிதானே கீது! இதுல இன்னா கொற?"

"அவளுக்கு மாறி வெச்சிருக்கணும்டா."

"மாறி வெச்சாதாண்ணா வுழுவா!"

தெருவே சிரித்தது. இன்னும் ரெண்டு பேர் ஓட்டிப் பார்த்தார்கள். பிரேக் வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்றார்கள். நான் செய்த தப்பு அந்தத் தெருவில் யார் கைக்கும் அகப்படவில்லை. ஜெர்மனி மந்திரி என் கடையில் வந்து தோசை தின்றார் என்று நான் சும்மா அளந்துவிட்டதை நம்பின சனங்கள், இதை நம்பவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். இது மலருக்கும் தெரியாது, கமலாவுக்கும் தெரியாது. ஏழுமலை கண் கலங்கி என்னைப் புகழ்ந்தபோது, ஒரு நொடி எனக்கு அது இனித்தது. அந்த ஒரு நொடியை நினைத்தால்தான் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

6

மலருக்குக் கையைக் கட்டி ஏழுமலை வீட்டுக்கு அனுப்பினதும், சின்னானைப் பார்க்க வேண்டும் என்றாள். அன்றைக்கு வந்த டிரைவர் கிடைக்கவில்லை, வேறு ஜீப்பு பிடித்தேன். வழியில் கள்ளக்குறிச்சியில் நிறுத்தி ஒரு சால்வை வாங்கினேன். நல்ல சரிகைக் கரை. கூட்டத்தில் போர்த்துவார்களே, அந்த மாதிரி. எனக்கும் ரெண்டு மூன்று தரம் போர்த்தியிருக்கிறார்கள். மரியாதை செய்ய எனக்கு வேறு வழி தெரியாது. மலர் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலையில் சின்னான் வீட்டுக்கு முன்னால் அவர் சம்சாரம் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். மலரைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு ஓடி வந்து, கைக்கட்டைத் தொட்டுப் பார்த்து, உட்காரக் கட்டிலை இழுத்துப் போட்டார். எனக்கு யாரும் ஒன்றும் போடவில்லை. சின்னான் பட்டியைத் திறந்து ஆடுகளை வெளியே விட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காட்டில் விட்டதில் ஒரு குட்டி கிடைக்கவில்லை என்று அவர் சம்சாரம் சொன்னார்.

நான் சால்வையைப் பிரித்துக்கொண்டு கிட்டே போனேன்.

"இது எதுக்கு? ஆட்டுக்குப் போர்த்தவா?" என்றார் சின்னான்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த மலர் சிரிப்பை அடக்கினாள். நான் சால்வையைச் சுருட்டினேன்.

"கீழ போய்ச் சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான்னு."

"யாருகிட்ட?"

"தம்பிகிட்ட. ஒறம்பறைங்க எல்லாருகிட்டயும்."

"நம்புனாங்களா?"

"இல்ல."

"எப்படி நம்புவாங்க? நான் குனிஞ்சதப் பாத்துட்டாங்களே." ஆஸ்பத்திரியில் போட்ட சாமியை அவர் இங்கே போடவில்லை. "நான் குனியறதுக்கு முன்னால நீ வாயத் தொறந்திருந்தா நம்பியிருப்பாங்க."

கடைசி ஆடு வெளியே வந்தது. அவர் படலைச் சாத்தினார்.

"பாப்பா, அந்தத் தடம் மேல எங்க போவுதுன்னு பாக்கணும்னு வந்தவதானே நீ? ஆட்டோட போறேன். நடப்பியா?"

மலர் எழுந்தாள். ஒரு கை கழுத்துக் கட்டோடு, இன்னொரு கையில் சின்னான் ஒடித்துக்கொடுத்த குச்சி. ரெண்டு பேரும் ஆடுகளுக்குப் பின்னால் மேடேறினார்கள். சைக்கிளில் போக ஆசைப்பட்ட தடத்தில் அவள் நடந்துபோனாள். வாங்க அப்பா என்று கூப்பிடவில்லை. நான் ஜீப்பு பக்கத்திலேயே சால்வையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டிரைவர் பீடியைப் போட்டுவிட்டு வந்தார்.

"சார், பொண்ணு வுழுந்தது இந்தப் பக்கந்தானே? அந்த ஆளு ஆடு குறுக்க வந்துதாமே?"

"வரல," என்றேன். "ஆடு வரவே இல்ல. தப்பு என்னுது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார்.

"கேள்விப்பட்டேன் சார். கீழ எல்லாம் அதான் பேச்சு. ரொம்பப் பெரிய மனசு சார் ஒங்களுக்கு."